வாளியில் 5.8, பைக்குள்ளே 7.6

நேற்றுக் காலை மாடித் தக்காளியில் ஒன்பதாம் நம்பர் பையிலிருந்து வடிந்த தண்ணீரை ஊறுகாய் பாட்டில் மூடியில் பிடித்து பிஎச் மீட்டரை வைத்தேன். பிஎச் என்பது தண்ணீரின் புளிப்பைச் சொல்லும் எண், 7க்குக் கீழே போகப் போகப் புளிப்பு அதிகம். 6.1. போன வாரம் 6.2, அதற்கு முந்தின வாரமும் 6.2. மூன்று வாரமாக ஆடாமல் நிற்கிறது. இந்த மூன்று எண்ணுக்காகப் பத்து மாதமும் ஒரு போகம் தக்காளியும் ஏழாயிரம் ரூபாயும் போயிருக்கிறது. மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

வீடு கோவையின் மேற்குப் பக்கம். மொட்டை மாடி, கிழக்கும் தெற்கும் திறந்தது. மண் தொட்டி வைத்தால் தளம் தாங்குமா என்று வீட்டில் எல்லோருக்கும் பயம். அதனால் மண்ணே இல்லாமல் தென்னை நார்த்தூளில் மட்டும் வளர்ப்பது என்று முடிவு. கடையில் கோகோபீட் என்பார்கள், பொள்ளாச்சிப் பக்கம் மில்லில் பித்து என்பார்கள். எதுவானாலும் மட்டையிலிருந்து நாரை உருவின பிறகு மிஞ்சுகிற அந்தப் பழுப்புத் தூள்தான். ஐந்து கிலோ கட்டி ஒன்று 220 ரூபாய். தண்ணீர் விட்டால் உப்பி 70 லிட்டர் வரைக்கும் வரும். ஐந்து கட்டி, 12க்கு 12 அங்குலப் பை 20. ஒரு பைக்கு 17 லிட்டர் கணக்கு சரியாக வந்தது. ரகம் பி.கே.எம். 1. பெரியகுளத்திலிருந்து வந்தது, நாட்டுத் தக்காளி மாதிரி புளிப்பு இருக்கும், எங்கள் வீட்டு ரசத்துக்கு அதுதான் சரி.

முதல் போகம்

கட்டி விற்ற கடையில் கேட்டேன், "இது கழுவுன கட்டிங்களா?" "கழுவுனதுதானுங்க, நேரா ஊற வச்சு நட்டுருங்க" என்றார். நானும் நட்டேன். மார்ச் முதல் வாரம் நாற்று மாற்றினேன். உரம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவு), லிட்டருக்கு ஒரு கிராம். தண்ணீர் போர் தண்ணீர்.

மூன்று வாரம் செடி ஜோராக வந்தது. நாலாவது வாரம் குருத்து இலை வெளுக்க ஆரம்பித்தது. நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் எலுமிச்சை மஞ்சள். அடி இலைகள் கரும்பச்சையாகவே இருந்தன. இதை நான் அன்றைக்குக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. "நரம்பு பச்சை, இடையில் மஞ்சள் என்றால் மெக்னீசியம்" என்று எங்கேயோ படித்தது ஞாபகம் வந்து, எப்சம் உப்பு வாங்கி லிட்டருக்கு இரண்டு கிராம் தெளித்தேன், வேருக்கும் ஊற்றினேன். பத்து நாள் போனது. குருத்து இன்னும் வெளுத்தது. மெக்னீசியம் குறைந்தால் அடி இலையில்தான் முதலில் தெரியும், குருத்தில் தெரிந்தால் இரும்பு. இது மட்டும் தெரிந்திருந்தால் பத்து நாள் மிச்சம்.

அப்புறம்தான் பிஎச் பக்கம் வந்தேன். முதலில் வாங்கியது மூன்று கம்பி உள்ள மண் மீட்டர், 350 ரூபாய். நார்த்தூளில் குத்தினால் எப்போதும் 7 காட்டும். எலுமிச்சைச் சாறு கிண்ணத்தில் வைத்தேன், அங்கேயும் 7. அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை, பையன் விளையாடுகிறான்.

அடுத்து பேனா மாதிரி இருக்கும் மஞ்சள் மீட்டர், 650 ரூபாய். போர் தண்ணீரில் வைத்தேன், 7.8. சரி, தண்ணீரைக் குறைத்தால் போதும் என்று நினைத்தேன். வினிகரும் எலுமிச்சையும் இயற்கை ஆயிற்றே என்று அதில் ஆரம்பித்தேன். 20 லிட்டர் வாளியை 5.8க்குக் கொண்டுவர ஏழு எலுமிச்சை தேவைப்பட்டது. ஏப்ரல் மாதம், பழம் ஒன்று பத்து ரூபாய். ஒரு வாளித் தண்ணீருக்கு எழுபது ரூபாய்! அம்மா தோலைப் பொறுக்கி ஊறுகாய் போட்டதுதான் லாபம்.

ஏன் 5.8? நார்த்தூளில் பிஎச் என்று தேடினால் வந்து விழுகிற எண் அதுதான். அதை எழுதி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் கஞ்சா வளர்ப்பவர்கள். கனடாவில் 2018 முதல் பெரும்பாலான இடங்களில் சட்டப்படி வீட்டில் நாலு செடி வைக்கலாம், அதனால் ஆள் ஆளுக்கு அளந்து எழுதுகிறார்கள். இங்கே 1985ஆம் வருடப் போதைப்பொருள் சட்டப்படி அது கம்பி எண்ணுகிற வேலை. ஆனால் செடியை விட்டுவிட்டு வேரை மட்டும் பார்த்தால் தக்காளிக்கும் அந்த எண் தப்பில்லை, 5.5 முதல் 6.5க்குள் இருந்தால் இரும்பும் மாங்கனீசும் சுலபமாக ஏறும். நான் பார்க்காமல் விட்டது வேறு. அவர்களில் பல பேர் ஆர்.ஓ. தண்ணீரில் உரம் கரைக்கிறார்கள். வாளியில் 5.8 என்றால் அவர்களுக்குப் பைக்குள்ளேயும் கிட்டத்தட்ட அதுதான். எனக்கு அப்படி இல்லை.

எலுமிச்சை வாளியை மூடி வைத்துவிட்டு அடுத்த நாள் அளந்தேன். 7.2. இன்னொரு நாள் விட்டேன், 7.6. தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்கள் அந்தப் புளிப்பைத் தின்றுவிடுகின்றன. பைக்குள்ளே போன எலுமிச்சையும் இதே கதிதான் ஆகியிருக்கும்.

ஆசிட் வந்தது

எலுமிச்சையை விட்டுவிட்டு 85 சதவீத பாஸ்பாரிக் ஆசிட் அரை லிட்டர் வாங்கினேன், 380 ரூபாய். ரப்பர் கையுறை, கண்ணாடி, ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச். ஆசிடைத்தான் தண்ணீரில் விட வேண்டும், தண்ணீரை ஆசிடில் விடக்கூடாது. பையன் எட்டாத இடமாகப் பார்த்துப் பூட்டி வைத்தேன். 20 லிட்டர் போர் தண்ணீருக்கு 7.5 மில்லி விட்டதும் வாளி சோடா மாதிரி பொங்கி, ஓரமெல்லாம் குமிழ் ஒட்டியது. 5.8. எனக்கு ஒரே சந்தோஷம்.

இரண்டு வாரம் இப்படியே ஊற்றினேன். பையின் அடியில் தட்டு வைத்து வடிநீர் அளந்தேன், 6.3 காட்டியது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன். செடி மட்டும் அப்படி நினைக்கவில்லை. குருத்து கிட்டத்தட்ட வெள்ளை. காய்த்த நாலு காயிலும் அடிக்கறுப்பு, பூ விழுந்த நுனியில் ஐம்பது காசு அளவுக்குத் தோல் மாதிரி கருகிப்போய். வாளி அடியில் மாவு கரைத்தது போல் வெள்ளைப் படிவு வேறு.

இங்கே இரண்டு தப்பு ஒன்றாகச் சேர்ந்திருந்தது.

ஒன்று மீட்டர். வாங்கின நாளிலிருந்து ஒரு தடவை கூட சரிபார்க்கவில்லை. பெட்டிக்குள்ளேயே இரண்டு பொடிப் பொட்டலம் இருந்தது, 4.00 ஒன்று, 6.86 ஒன்று. ஒவ்வொன்றையும் 250 மில்லி வாலைவடி நீரில் கரைக்க வேண்டும். நான் அதைச் சிலிகா ஜெல் என்று நினைத்து டிராயரில் போட்டிருந்தேன். எடுத்துக் கரைத்து மீட்டரை வைத்தால் 6.86 கரைசலில் 5.6 காட்டியது! முனையில் இருக்கும் கண்ணாடிக் குமிழ் காய்ந்துபோயிருந்தது. அதை எப்போதும் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் நனைத்தே வைக்க வேண்டுமாம். நான் துடைத்துத் துடைத்து, காய வைத்து மூடியிருக்கிறேன். ஒரு ராத்திரி கரைசலில் ஊற வைத்து, மறுநாள் இரண்டு புள்ளியிலும் சரிசெய்து அளந்தேன். வடிநீர் 7.5.

இரண்டாவது, வடிநீரைப் பிடித்த விதம். ஒரேயடியாக இரண்டு லிட்டரை ஊற்றினால் முதலில் வருவது பையின் ஓரமாக ஓடி வந்த அதே தண்ணீர்தான், வேருக்குப் பக்கத்தில் இருந்தது அல்ல. நாற்றங்கால்காரர்கள் செய்கிற முறை வேறு. வழக்கம்போல் தண்ணீர் விட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் சும்மா விட வேண்டும். அப்புறம் மேலே 100 மில்லி மட்டும் மெதுவாக வட்டமாக ஊற்றினால், அது உள்ளே இருக்கிற தண்ணீரைத் தள்ளிக்கொண்டு இறங்கும். அடியில் வரும் முதல் 50 மில்லியைப் பிடித்து அளக்க வேண்டும். செய்தேன். 7.6.

நம்பாமல் ஒரு பையை நடுவில் தோண்டி ஒரு கைப்பிடி எடுத்து இட்லித் துணியில் வைத்துப் பிழிந்தேன். 7.6. மேலே ஒரு அங்குலம் சுரண்டி எடுத்துப் பிழிந்தேன். 8.0. மேல்பரப்பில் உப்புப் பூத்தது போல் வெள்ளைப் பொருக்கு இருந்ததை அதுவரை நான் பூஞ்சை என்று நினைத்திருந்தேன்.

அந்த எட்டு வார வேலையும் வாளிக்கு நடந்த வைத்தியம். நோய் பைக்குள்ளே இருந்தது.

தண்ணீர் அறிக்கை

பக்கத்து வீட்டுக்காரர் விவசாயக் குடும்பம். மாடிக்கு வந்து பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார், "தண்ணியக் குடுத்துப் பாத்தீங்களா தம்பி?" பார்க்கவில்லை. இரண்டு லிட்டர் பாட்டிலில் பிடித்து குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்தேன். வந்த தாளில் பிஎச் 7.8, கரைந்த உப்பு 1,020, கடினத்தன்மை 480, காரத்தன்மை 360. பிஎச் தவிர எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தரக் குறியீட்டில் காரத்தன்மை 200 வரை நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஆக மனுஷனுக்குப் பரவாயில்லை என்று தாள் சொல்லிவிட்டது.

பிஎச் 7.8 என்பது நான் ஏற்கெனவே அளந்ததுதான். தூக்கிப்போட்டது அந்த 360. காரத்தன்மை என்றால் தண்ணீரில் கரைந்திருக்கிற பைகார்பனேட்டு, சுண்ணாம்புக்கல் கணக்கில் சொல்வது. ஒரு பைக்கு நாளைக்கு ஒன்றரை லிட்டர். அறுபது நாளில் 90 லிட்டர். 90ஐ 0.36ஆல் பெருக்கினால் 32 கிராம். ஒவ்வொரு பைக்கும் நானே என் கையால் இரண்டு மாதத்தில் 32 கிராம் சுண்ணாம்புக்கல் மாவு போட்ட மாதிரி. கொஞ்சம் அடியில் வடிந்திருக்கும், மிச்சம் உள்ளேதான். 17 லிட்டர் நார்த்தூள் எவ்வளவுதான் தாங்கும்?

அந்த ஆசிடிலும் தப்பு இருந்தது. 20 லிட்டருக்கு 7.5 மில்லி என்றால் லிட்டருக்கு 170 மில்லிகிராமுக்கு மேல் பாஸ்பரஸ். தக்காளிக்கு 40, 50 இருந்தால் போதும். மிஞ்சினது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வாளி அடியில் மாவாக உட்கார்ந்தது, இரும்பையும் பிடித்துக் கட்டிவிட்டது. நான் பிஎச்சைக் குறைக்கப் போட்டதே இரும்பைத் தடுத்திருக்கிறது.

இதில் எனக்கு இன்னமும் வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. வீட்டு ஆர்.ஓ. மெஷினில் கழிவாக வரும் தண்ணீரை அம்மா குடத்தில் பிடித்து, வீணாக்கக்கூடாது என்று தினமும் மாடிக்கு ஏற்றி ஐந்து பைக்கு ஊற்றி வந்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தக் கழிவுத் தண்ணீரில்தான் சுண்ணாம்பும் உப்பும் கூடி நிற்கும். கரைந்த உப்பை அளந்தேன், 1,640. அந்த ஐந்து பையும்தான் முதலில் போனது. அம்மாவிடம் சொன்னபோது, "அப்ப நாம குடிக்கறதச் செடிக்கும், செடி குடிக்கறத நமக்கும் ஊத்தலாமா?" என்றார். இப்போது அது கழிவறை கழுவப் போகிறது.

காப்பாற்றப் பார்த்தது

மே மாதம் இருந்த செடிகளைக் காப்பாற்ற இரண்டு வழி பார்த்தேன். ஆறு பையை 5.0 தண்ணீரால் கழுவினேன், பைக்கு 35 லிட்டர். மாடி பூராவும் பழுப்புத் தண்ணீர் ஓடி, கீழ் வீட்டு வாசலில் கோலம் அழிந்து, சண்டை. பையில் 6.4க்கு இறங்கியது, ஐந்தாம் நாள் மறுபடி 7.1. இன்னொரு பையில் பொறுமை இல்லாமல் 4.0 தண்ணீரை மூன்று நாள் விட்டேன். அது 4.6க்கு இறங்கி இலை ஓரம் கருகி, பிடுங்கினால் வேர் நுனியெல்லாம் பழுப்பு. ஏறுவதற்கு இரண்டு மாதம் ஆன ஒன்றை மூன்று நாளில் இறக்கப் போனதற்குக் கூலி.

கொஞ்சம் பயன் தந்தது இரும்புதான். இரும்பு மருந்தில் வகை உண்டு. சாதாரணமாகக் கிடைக்கும் இடிடிஏ வகை 6.5க்கு மேல் போனால் நிற்காது. இடிடிஹெச்ஏ என்று ஒன்று உண்டு, தண்ணீரில் போட்டால் பீட்ரூட் சாறு மாதிரி சிவக்கும், அது பிஎச் ஏறினாலும் தாங்கும். 100 கிராம் 290 ரூபாய். 20 லிட்டருக்கு அரை கிராம் விட்டேன். எட்டு நாளில் புதிதாக வந்த குருத்து பச்சையாக வந்தது, பழைய வெள்ளை இலை வெள்ளையாகவே நின்றது. ஆனால் அதற்குள் ஜூன், செடி களைத்துவிட்டது. மொத்தம் 20 செடியில் ஆறு கிலோ தக்காளி. பிடுங்கிப் போட்டேன்.

இரண்டாம் போகம், கட்டியிலிருந்தே

ஆகஸ்டில் புதுக்கட்டி ஐந்து. இந்தத் தடவை கடையில் வாங்காமல் கிணத்துக்கடவு தாண்டி ஒரு மில்லுக்கே போனேன். களத்தில் மலை மாதிரி பித்து காய்ந்துகொண்டிருந்தது. கழுவினதா என்று கேட்டதற்கு மில்காரர் சிரித்தார். "கழுவுனதுன்னா வெறுந்தண்ணில கழுவுனதுங்க. வெளிநாட்டுக்குப் போறது வேற, அதுக்குக் கால்சியம் போட்டுக் கழுவோணும். உங்களுக்கு எதுங்க வேணும்?" எனக்கு அந்த வித்தியாசமே தெரியாது. விலை வித்தியாசம் கட்டிக்கு தொண்ணூறு ரூபாய். நானே கழுவிக்கொள்கிறேன் என்று சாதாரணக் கட்டியை ஏற்றிவந்தேன்.

நார்த்தூள் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும். வெறும் தண்ணீர் எவ்வளவு ஊற்றினாலும் அந்தப் பிடி விடாது, கால்சியம் வந்தால்தான் இடத்தைக் காலி செய்யும். காலி செய்யாமல் நட்டால் நாம் உரமாகப் போடுகிற கால்சியத்தைத் தூளே பிடித்துக்கொள்ளும். முதல் போகத்தில் காய் அடி கறுத்ததற்கு அது பாதிக் காரணம், 19:19:19இல் கால்சியமே கிடையாது என்பது மீதி.

ஒரு கட்டிக்குச் செய்தது இது. பெரிய பிளாஸ்டிக் டப்பில் கட்டியை வைத்து, 30 லிட்டர் நல்ல தண்ணீரில் 100 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து ஊற்றி ராத்திரி முழுக்க ஊற விட்டேன். காலையில் கொசுவலையில் அள்ளி வடித்தேன். வடிந்தது காப்பி டிக்காஷன் நிறம். அப்புறம் இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசினேன். முதல் அலசலில் கரைந்த உப்பு 1,450, இரண்டாவதில் 610. போர் தண்ணீரில் அலசக்கூடாது. முதல் போகம் முடிந்த பிறகு பழைய தூளை அப்படி அலசிப் பார்த்தேன், எத்தனை முறை அலசியும் ஆயிரத்துக்குக் கீழே வரவில்லை. எப்படி வரும், ஊற்றுகிற தண்ணீரே 1,020 அல்லவா?

நல்ல தண்ணீர் என்று நான் சொல்வது சிறுவாணி. எங்கள் வீதிக் குழாயில் வருவது. கரைந்த உப்பை அளக்கும் என் பேனாவில் 45 காட்டுகிறது. அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "ஏஞ்சாமி, ஊரே இந்தத் தண்ணிக்குப் பேர் வச்சிருக்குது, நீ தக்காளிக்கு ஊத்தறே" என்று தினமும் கேட்டார். அதனால் மாடி மழைத்தண்ணீர்க் குழாயை இரண்டு பழைய 200 லிட்டர் பேரலில் திருப்பி விட்டேன். பேரல் 900 வீதம் 1,800. ஐப்பசி மழை நன்றாகப் பெய்ததால் இரண்டு மாதம் சிறுவாணியைத் தொடவே இல்லை. முதல் மழையை மட்டும் பிடிக்காமல் விட்டேன், மாடித் தூசியெல்லாம் அதில்தான் வரும்.

இப்போதைய வாளி இப்படி. 15 லிட்டர் மழைத்தண்ணீர் (தீர்ந்தால் சிறுவாணி), 5 லிட்டர் போர் தண்ணீர். காரத்தன்மை 360லிருந்து 90க்கு வந்துவிடும். போர் தண்ணீர் எதற்கு என்றால், அதில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சும்மா கிடைக்கிறது, பிஎச்சும் தடாலென்று விழாமல் பிடித்து நிற்கும். ஒரு தடவை மழைத்தண்ணீரிலேயே முழு வாளியும் கலந்து ஆசிட் இரண்டு சொட்டு கூடிப்போய் 4.1க்கு விழுந்தது. உரம்: கால்சியம் நைட்ரேட் 16 கிராம், 13:0:45 (பொட்டாசியம் நைட்ரேட்) பத்து கிராம், எப்சம் 8 கிராம், சிவப்பு இரும்பு அரை கிராம், நுண்ணூட்டக் கலவை அரை கிராம். கடைசியில் ஆசிட் இரண்டு மில்லிக்குக் கொஞ்சம் குறைவாக. இந்த அளவில் பாஸ்பரஸ் லிட்டருக்கு நாற்பது சொச்சம் வருகிறது, செடிக்கு வேண்டியதே அவ்வளவுதான். முன்பு விஷமாகப் போனது இப்போது உரமாகவே போகிறது. கால்சியம் நைட்ரேட்டை எப்சத்தோடும் ஆசிடோடும் கெட்டியாக ஒரே பாட்டிலில் கலந்து வைக்காதீர்கள், தயிர் மாதிரி திரியும். தனித்தனியாகக் கரைத்து நிறைந்த வாளியில் ஊற்றினால் ஒன்றும் ஆகாது.

காரத்தன்மையை ஒவ்வொரு தடவையும் ஆய்வகத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. மீன் தொட்டி விற்கும் கடையில் அதற்கு ஒரு சொட்டு மருந்து உண்டு, 450 ரூபாய். ஐந்து மில்லி தண்ணீரில் ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். நீலம் மஞ்சளாக மாறும் வரை எத்தனை சொட்டு என்று எண்ணி, 18ஆல் பெருக்க வேண்டும். என் போர் தண்ணீரில் இருபதாவது சொட்டில் மாறியது. 360. ஆய்வகத் தாளோடு அப்படியே ஒத்துப்போனதைப் பார்த்து இரண்டு தடவை செய்தேன். இப்போது கலந்த வாளியில் ஐந்தாவது சொட்டில் மாறுகிறது. என்னைக் கேட்டால் பிஎச் பேனாவுக்கு முன்பு இதைத்தான் வாங்க வேண்டும்.

நடுவில் ஒரு ஏற்றம்

எல்லாம் சரியாகச் செய்தும் நவம்பர் நடுவில் வடிநீர் மெல்ல ஏறியது. 6.0, 6.3, 6.7, 7.0. வாளி 5.8லேயே நின்றது. காய் பிடித்து செடி வேகமாக வளர்கிற நேரம். என் உரத்தில் நைட்ரஜன் கிட்டத்தட்ட முழுக்க நைட்ரேட்டாகவே போகிறது, வேர் நைட்ரேட்டை இழுக்க இழுக்க சுற்றிலும் பிஎச் ஏறும். அம்மோனியம் கொஞ்சம் கொடுத்தால் இறங்கும். ஆசிடைக் கூட்டுவதற்குக் கை பரபரத்தது, முதல் போகத்து 4.6 பை ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன்.

அம்மோனியம் சல்பேட், 20 லிட்டருக்கு இரண்டு கிராம், அவ்வளவுதான். பாதிப் பைகளுக்கு மட்டும் கொடுத்தேன். மூன்றாம் நாள் வித்தியாசமே இல்லை. எட்டாம் நாள் 6.8. பதினெட்டாம் நாள் 6.2. கொடுக்காத பைகள் 7.1இல் இருந்தன. பிறகு எல்லாவற்றுக்கும் கொடுத்து, 6.2 வந்ததும் ஒரு கிராமாகக் குறைத்தேன். ஒரு பையில் மட்டும் கை தவறி நாலு கிராம் வாளி போய்விட்டது, அதில் இரண்டு காய் அடி கறுத்தது. அம்மோனியம் கூடினால் கால்சியம் ஏறாது. தக்காளி இதில் ரொம்பக் கோபக்காரன்.

இன்னொன்று, தண்ணீர் விடும் முறை. முன்பு காலையில் ஒரே தடவை ஒன்றரை லிட்டர். இப்போது அரை அரை லிட்டராக மூன்று தடவை, கடைசி ஊற்றில் ஒரு டம்ளர் அடியில் வடிகிற மாதிரி. தூள் காய்ந்தால் உள்ளே உப்பு கெட்டியாகி அளவெல்லாம் தாறுமாறாகப் போகும். டிசம்பரில் இரண்டு நாள் ஊருக்குப் போய் வந்தபோது 6.2இல் இருந்த பை வடிநீரில் உப்பு 2,300 காட்டியது. சொட்டு நீருக்கு டைமர் போட்டிருக்க வேண்டும், 1,200 ரூபாய் என்று தள்ளிப்போட்டேன்.

இதுவரை 19 செடியில் 31 கிலோ. இன்னும் பூ இருக்கிறது.

அடுத்த தடவை

பேரல் நாலாக்க வேண்டும். தை பிறந்ததும் மழைத்தண்ணீர் தீர்ந்துவிட்டது, மறுபடி சிறுவாணிக் குடத்தோடு படி ஏறுகிறேன், அம்மாவின் பார்வை முதுகில் குத்துகிறது. எல்லாப் பையையும் வாரா வாரம் அளப்பது வீண். நாலு மூலையில் நாலு, நடுவில் ஒன்று போதும். மேற்குச் சுவரோரம் வெயில் அதிகம், அங்கேதான் முதலில் ஏறுகிறது. மீட்டரைச் சரிபார்க்கும் கரைசல் ஒரு மாதத்துக்கு மேல் தாங்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை தோறும் புதுசு கொஞ்சம் மூடியில் ஊற்றி அளந்துவிட்டுக் கொட்டிவிடுகிறேன். மில்லில் கால்சியம் போட்டுக் கழுவின கட்டிக்கே அந்த தொண்ணூறு ரூபாயைக் கொடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது. ஐந்து கட்டி அலச ஒரு ஞாயிறு முழுக்கப் போனது, இடுப்பு இரண்டு நாள் நிமிரவில்லை.

இருபதாவது செடி எங்கே என்று கேட்பீர்கள். ஏழாம் நம்பர் பை. வடிநீர் 6.1, உப்பு சரி, இரும்பு சரி, ஆனாலும் வெளுத்துக்கொண்டே போனது. மூன்று வாரம் அதற்கு மட்டும் தனி வாளி கலந்தேன். கடைசியில் பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக, மிளகு கோர்த்த மாதிரி. நூற்புழு. அந்த ஒரு பைக்கு மட்டும் தூள் பற்றாமல் பழைய மண் தொட்டியிலிருந்து இரண்டு கை அள்ளிப் போட்டது நான்தான்.